டெக்ஸ்ட் ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்துவது: சி மொழியில் பைட் கணக்கு

சி மொழியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலின் ஒரு வரியை மட்டும் இருந்த இடத்திலேயே எப்படித் திருத்துவது என்பதுதான் கேள்வி. மூன்றே வரி உள்ள ஒரு சரக்கிருப்பு ஃபைலை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை), லினக்ஸ் பாணி வரி முடிவு.

அரிசி=120
பருப்பு=45
எண்ணெய்=8

மொத்தம் 69 பைட். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைச் சொல்லவில்லை, அதை உருவாக்கும் குறிகளைச் சொல்கிறேன். ‘அரிசி’ என்றால் அ, ர, இகரக் கொக்கி, ச, மறுபடி இகரக் கொக்கி என்று 5 குறி, 15 பைட். சமக்குறிக்கு 1, எண்ணுக்கு 3, வரி முடிவுக்கு 1 சேர்த்தால் முதல் வரி 20 பைட். 0 முதல் 19 வரை. ‘பருப்பு’ 7 குறி, 21 பைட். அந்த வரி 20-இல் தொடங்கி 44-இல் முடிகிறது. 45 என்ற எண் உட்கார்ந்திருப்பது 42, 43 என்ற இரண்டு பைட்டில். 44-ஆவது பைட் வரி முடிவு. எண்ணெய் வரி 45 முதல் 68 வரை.

பருப்பு இருப்பை 45-லிருந்து 32 ஆக்க வேண்டும் என்றால் வேலை சுலபம். ஃபைலை ஆர்பி+ மோடில் (படிக்கவும் எழுதவும், விளக்கம் கீழே) திறந்து, எஃப்சீக் கொண்டு 42-க்குப் போய், எஃப்ரைட் கொண்டு இரண்டு பைட் எழுதி, மூடினால் முடிந்தது. மற்ற 67 பைட்டை யாரும் தொடவில்லை.

இப்போது 32-க்குப் பதில் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 42-இல் ‘7’ எழுதப்படுகிறது. 43-இல் பழைய ‘5’ அப்படியே இருக்கிறது. ஃபைலைத் திறந்து பார்த்தால் பருப்பு=75. எந்த எச்சரிக்கையும் வராது, எந்த ஃபங்ஷனும் பிழை திருப்பாது, எண்ணும் பார்க்க நியாயமாகவே இருக்கும். கிடங்கில் 7 மூட்டை, கணக்கில் 75. இதைவிட மோசமான பிழை வகை இல்லை.

132 என்றால் கதை வேறு. மூன்றாவது பைட் 44-இல் விழுந்து வரி முடிவை அழித்துவிடும். ‘பருப்பு=132எண்ணெய்=8’ என்று இரண்டு வரி ஒட்டிக்கொள்ளும். இது குறைந்தபட்சம் கண்ணில் படும்.

காரணம் ஒன்றுதான். ஃபைல் என்பது பைட்டுகளின் ஒரே நீண்ட வரிசை. ‘வரி’ என்ற ஒன்றே ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாது. சி நூலகமும் அதன் கீழே இருக்கும் இயங்குதளமும் சேர்ந்து தருவது மூன்று வேலைகள்தான்: இருக்கும் பைட் மேல் எழுதலாம், கடைசியில் சேர்க்கலாம், வாலை வெட்டலாம். நடுவில் நுழைக்கும் வேலை பொதுவாகக் கிடையாது. லினக்ஸில் எஃப்அலோகேட் என்ற சிஸ்டம் காலுக்கு (இயங்குதளத்தை நேரடியாகக் கேட்கும் அழைப்பு) 3.15 பதிப்பிலிருந்து நடுப்பகுதியைச் சுருக்கும் வசதியும், 4.1 பதிப்பிலிருந்து நடுவில் இடம் நுழைக்கும் வசதியும் வந்தன; ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் அவற்றை ஏற்கும். ஆனால் நுழைக்கும் இடமும் அளவும் ஃபைல் சிஸ்டத்தின் பிளாக் அளவின் மடங்காக, பெரும்பாலும் 4096 பைட்டின் மடங்காக, இருக்க வேண்டும். ஒரு வரியில் ஒரு இலக்கம் சேர்க்க அது உதவாது.

ஆகவே கண்டிப்பான பொருளில் ‘இருந்த இடத்திலேயே திருத்துவது’ என்பது புதிய பைட் எண்ணிக்கையும் பழைய பைட் எண்ணிக்கையும் சமமாக இருக்கும்போது மட்டும் நடக்கும். அது இல்லாத இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது, அதே பெயரில் திருத்திய ஃபைல் இருக்க வேண்டும் என்பதுதான். அது வேறு வேலை, அதற்கு வேறு வழி. அதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் மோடு, அதாவது ஃபைலை எப்படித் திறப்பது. ஆர்+ இருக்கும் ஃபைலைத் திறக்கும், உள்ளடக்கத்தைத் தொடாது. ஃபைல் இல்லை என்றால் நல் பாயின்டர் (எதையும் சுட்டாத சுட்டி) தரும். டபிள்யூ+ திறந்த கணமே ஃபைலைப் பூஜ்யமாக்கும். ‘படிக்கவும் எழுதவும்’ என்று பாடப்புத்தக அட்டவணையில் பார்த்து டபிள்யூ+ போட்டு, படிக்கப் போனால் ஒன்றும் இல்லை என்று திகைப்பது வழக்கமாக நடப்பது. ஏ+ படிக்க விடும், ஆனால் எஃப்சீக் எங்கே போனாலும் எழுதுவதெல்லாம் ஃபைல் கடைசிக்குத்தான் போகும். திருத்தத்துக்கு ஆர்+ ஒன்றுதான். கூடவே ‘பி’ சேர்ப்பது விண்டோஸுக்காக. அங்கே டெக்ஸ்ட் மோடில் வரி முடிவின் இரண்டு பைட் படிக்கும்போது ஒன்றாகிறது, எழுதும்போது ஒன்று இரண்டாகிறது. டெக்ஸ்ட் ஸ்ட்ரீமில் (டெக்ஸ்ட் மோடில் திறந்த ஃபைலில்) இப்போது நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல் தரும் எண்ணோடு கூட்டல் கழித்தல் செய்ய சி தரநிலை இடம் தரவில்லை. திரும்ப அதே இடத்துக்குப் போக மட்டும்தான் அந்த எண். ஆஃப்செட் (ஃபைல் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்) கணக்கு போடுகிறீர்கள் என்றால் பைனரி மோடு கட்டாயம். அப்போது வரிக்கு வரி ஒரு பைட் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: மேலே உள்ள ஃபைல் விண்டோஸ் பாணியில் சேமிக்கப்பட்டிருந்தால் பருப்பு எண் 42-இல் அல்ல, 43-இல் தொடங்கும். ஃபைல் தலையில் பிஓஎம் (யூனிகோடு ஃபைல் என்று காட்டும் அடையாளம்) வேறு இருந்தால் இன்னும் 3 பைட் தள்ளும். முதல் வரியின் ‘அரிசி’யும் ஒப்பிடும்போது பொருந்தாது.

ஆஃப்செட்டைக் கையால் எழுதி வைக்காமல் நிரலே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் எஃப்கெட்ஸ் கொண்டு படிப்பதற்கு முன்பே எஃப்டெல் கூப்பிட்டு வரியின் தொடக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரி கிடைத்ததும் சமக்குறி எங்கே என்று எஸ்டிஆர்சிஹெச்ஆர் கொண்டு பார்த்து, தொடக்கத்தோடு அந்தத் தூரத்தையும் ஒன்றையும் கூட்டினால் எண்ணின் இடம். பருப்புக்கு 20, 21, 1, ஆக 42. அடுத்த வரியின் தொடக்கத்தையும், அதாவது படித்த பிறகு எஃப்டெல் தரும் 45-ஐயும், ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் எஃப்சீக் கொண்டு அங்கே போங்கள். காரணம், 42-இல் இரண்டு பைட் எழுதி முடித்ததும் ஃபைல் நிற்கும் இடம் 44. அங்கிருந்து எஃப்கெட்ஸ் கூப்பிட்டால் வருவது எண்ணெய் வரி அல்ல. பருப்பு வரியின் மிச்சமான வெறும் வரி முடிவு. ‘திருத்திய வரிக்குப் பிறகு ஒரு காலி வரி வருகிறதே’ என்ற குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அந்த எஃப்சீக் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. அப்டேட் மோடில், அதாவது + போட்டுத் திறந்த ஸ்ட்ரீமில் படித்த உடனே எழுதக் கூடாது, எழுதிய உடனே படிக்கக் கூடாது என்பது சி தரநிலையின் விதி. படிப்பிலிருந்து எழுத்துக்கு மாற நடுவில் எஃப்சீக், எஃப்செட்போஸ், ரீவைண்ட் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். படிப்பு ஃபைல் முடிவைத் தொட்டுவிட்டிருந்தால் மட்டும் விலக்கு. எழுத்திலிருந்து படிப்புக்கு மாற இவற்றில் ஒன்றோ, பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃப்ளஷோ போதும். இரண்டு திசைக்கும் ஒரே பஃபர் (நூலகம் மெமரியில் வைக்கும் இடைக்கிடங்கு) என்பதால் இந்த விதி. எஃப்கெட்ஸ் ஒரு வரி கேட்டாலும் நூலகம் அடியில் பெரிய துண்டாக, நம் 69 பைட்டையும் ஒரே மூச்சில், இழுத்து வைத்திருக்கும். நீங்கள் நினைக்கும் இடம் ஒன்று, கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) நினைக்கும் இடம் வேறு. எஃப்சீக்தான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. விதியை மீறினால் ஒரு கணினியில் ஓடும், வேறு நூலகத்தில் எழுதியது எங்கோ போய் விழும். போக வேண்டிய இடத்தில்தான் ஏற்கெனவே நிற்கிறீர்கள் என்றாலும், நடப்பு இடத்திலிருந்து 0 என்று ஒரு எஃப்சீக் போட்டுவிடுங்கள்.

சமநீளத் திருத்தம் அடிக்கடி தேவைப்படும் ஃபைலென்றால், ஃபைலை வடிவமைக்கும்போதே எண்ணுக்கு நிலையான அகலம் கொடுத்துவிடுவது நல்லது. நான்கு இலக்கம் என்று வைத்தால் 7-உம் 132-உம் அதே நான்கு பைட். இடப்பக்கம் பூஜ்யத்தால் நிரப்பலாம், காலியிடத்தாலும் நிரப்பலாம், காலியிடமே மேல். பூஜ்யத்தில் ஒரு பொறி இருக்கிறது: சரத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓஎல் ஃபங்ஷனுக்கு அடி எண்ணாக 0 கொடுத்தாலோ, ஸ்கேன்எஃப்-இல் சதவீத ‘ஐ’ போட்டாலோ, முன்னால் பூஜ்யம் உள்ள எண் எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும். 0045 என்பது 37 ஆகும். 0120 என்பது 80. 0008-இல் 8 எட்டடிமான இலக்கமே இல்லை என்பதால் 0 கிடைக்கும். காலியிடத்தை இந்த ஃபங்ஷன்கள் தாமாகவே தாண்டிவிடும்.

நான்கு இலக்கத்தைத் தயாரிக்க எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்தினால் பஃபர் குறைந்தது 5 பைட் இருக்க வேண்டும், சரத்தின் முடிவைக் காட்டும் நல் (பூஜ்ய) பைட்டுக்கு ஒன்று. 4 கொடுத்தால் கடைசி இலக்கம் வெட்டுப்படும். திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள்: 4-ஐத் தாண்டினால் மதிப்பு அகலத்துக்குள் அடங்கவில்லை, எழுதவே கூடாது. எழுதும்போது எஃப்ரைட்டுக்கு 4 என்று கொடுங்கள். பஃபரின் சைஸ்ஆஃப், அதாவது அதன் முழு அளவு, கொடுத்தால் ஐந்தாவது நல் பைட்டும் ஃபைலுக்குள் போய் வரி முடிவைத் தின்றுவிடும்.

எண்ணுக்குப் பதில் தமிழ்ச் சொல்லையே மாற்றுகிறீர்கள் என்றால் கண்ணை நம்பாதீர்கள். ‘மதுரை’யும் ‘சேலம்’உம் 15 பைட், ஒன்றின் மேல் ஒன்று எழுதலாம். ‘கோவை’ 12, ‘சென்னை’ 18. அதே ‘கோவை’ இன்னொரு ஃபைலில் 15 பைட்டாக இருக்கவும் கூடும்: ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் ஒப்பீட்டில் இரண்டும் வேறு. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. பிரிண்ட்எஃப்-இல் அகலம் கொடுத்து நிரப்பும்போதும் அது எண்ணுவது பைட்டைத்தான், எழுத்தை அல்ல. பத்து எழுத்துக்கு இடம் விட வேண்டும் என்று 10 போட்டால் தமிழில் மூன்று குறி நுழையும்.

சரி, நீளம் மாறியே தீரும் என்றால்? சுருங்கும் பக்கம் முதலில். பருப்பு வரியையே நீக்க வேண்டும். 45 முதல் 68 வரை உள்ள 24 பைட்டை 20-க்கு நகர்த்த வேண்டும். படிக்கும் இடம் ஒன்று, எழுதும் இடம் ஒன்று என்று இரண்டு ஆஃப்செட் மாறிகள். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே போய் ஒரு துண்டு படித்து, இங்கே வந்து எழுதி, இரண்டையும் அந்த அளவு கூட்டுங்கள். எழுதும் இடம் எப்போதும் பின்னால் இருப்பதால் இன்னும் படிக்காததை அழிக்கும் பயமில்லை. முடிந்ததும் ஃபைலை 44 பைட்டாக வெட்ட வேண்டும். இந்த வெட்டுக்குத் தரநிலை சி-யில் ஃபங்ஷனே இல்லை. போசிக்ஸில் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) எஃப்ட்ரங்கேட் இருக்கிறது: எஃப்ஃப்ளஷ் செய்துவிட்டு, ஃபைல்நோ கொண்டு டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு இயங்குதளம் தரும் எண்) எடுத்து, 44 என்று கொடுங்கள். விண்டோஸில் அதே வேலைக்கு _chsize_s. எஃப்ஃப்ளஷை விட்டால் பஃபரில் தங்கியது வெட்டுக்குப் பிறகு வந்து ஃபைலை மறுபடி நீட்டிவிடலாம். வெட்ட மறந்தால் ஃபைல் இப்படி இருக்கும்: அரிசி, எண்ணெய், ஒரு காலி வரி, மறுபடி எண்ணெய். காலி வரி 44-ஆவது பைட்டில் இருந்த பழைய பருப்பு வரியின் முடிவு. இரண்டாவது எண்ணெய், யாரும் தொடாத 45 முதல் 68. கடைசி வரி இரட்டிப்பாகத் தெரிந்தால் வெட்டு நடக்கவில்லை என்று அர்த்தம்.

நீளும் பக்கம் திசையைத் திருப்ப வேண்டும். 45-ஐ 132 ஆக்க, 44 முதல் 68 வரை உள்ள 25 பைட் ஒரு இடம் வலப்பக்கம் போக வேண்டும். முன்னிருந்து பைட் பைட்டாக நகர்த்தினால் 44-இல் உள்ள வரி முடிவு 45-இல் விழும், அங்கிருந்து 46-இல், அங்கிருந்து 47-இல். கடைசியில் வால் முழுக்க வரி முடிவுகளே. பின்னாலிருந்து வர வேண்டும். பெரிய ஃபைலென்றால் 64 கேபி துண்டுகளாக, கடைசித் துண்டு முதலில்.

இரண்டு வழியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: நகர்த்தும் நடுவில் மின்சாரம் போனாலோ யாராவது புரோகிராமை நிறுத்தினாலோ, பாதி பழையது பாதி புதியது என்று ஃபைல் நிற்கும். எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஃபைலை முழுக்க மெமரிக்குப் படித்து, திருத்தி, டபிள்யூ மோடில் திரும்பத் திறந்து எழுதுவது சிறிய ஃபைலுக்கு எளிது என்றாலும், திறந்த கணத்துக்கும் எழுதி முடித்த கணத்துக்கும் இடையில் டிஸ்கில் ஃபைல் காலி. அப்போது டிஸ்கில் இடமில்லை என்று வந்தால் பழையதும் போச்சு, புதியதும் இல்லை.

அதனால்தான் தீவிரமான கருவிகள் பலவும் இப்படிச் செய்வதில்லை. டெக்ஸ்டைத் திருத்தும் செட் (sed) கட்டளையின் ‘இருந்த இடத்திலேயே’ விருப்பமும்கூடப் பெயரளவில்தான் அப்படி: அது பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, கடைசியில் பழைய பெயருக்கு மாற்றுகிறது. நாமும் அதையே செய்யலாம். எம்கேஎஸ்டெம்ப் கொண்டு தற்காலிக ஃபைல் உருவாக்குங்கள், ஆனால் அசல் ஃபைல் உள்ள அதே டைரக்டரியில். டெம்ப் டைரக்டரியில் உருவாக்கினால் அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கலாம். அப்போது ரீநேம் (பெயர் மாற்றும் ஃபங்ஷன்) ஈஎக்ஸ்டெவ் பிழையோடு, அதாவது ஃபைல் சிஸ்டம் வேறு என்று, நின்றுவிடும். அசலை வரிவரியாகப் படித்து, மாற்ற வேண்டிய வரியை மாற்றி, புதியதில் எழுதுங்கள். நீளம் பற்றிய கவலையே இங்கே இல்லை.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டியவற்றில்தான் பலர் சறுக்குவார்கள். எம்கேஎஸ்டெம்ப் தரும் ஃபைலுக்கு அனுமதி 0600, உரிமையாளருக்கு மட்டும். அசல் 0644, மற்றவரும் படிக்கலாம் என்றால் ரீநேமுக்குப் பிறகு மற்ற பயனர்களுக்குத் திடீரென்று ஃபைல் திறக்காது. அசலின் எஃப்ஸ்டாட் விவரத்தை எடுத்து முதலில் எஃப்சௌன் (உரிமையாளரை மாற்ற), பிறகு எஃப்சிஹெச்மாட் (அனுமதியை மாற்ற). சௌன் சில அனுமதி பிட்டுகளை அழித்துவிடும் என்பதால் இந்த வரிசை. பிறகு எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், எஃப்க்ளோஸ், மூன்றின் பதிலையும் பார்க்க வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிழை எஃப்ரைட்டில் வெளிப்படாமல் பஃபர் காலியாகும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தெரியவரும். எஃப்ஃப்ளஷ் நூலகத்திலிருந்து கெர்னலுக்குத் தள்ளுகிறது; எஃப்சிங்க் கெர்னலிலிருந்து டிஸ்குக்கு. 2009 வாக்கில் ஈஎக்ஸ்டி4 பரவியபோது, எஃப்சிங்க் இல்லாமல் ரீநேம் செய்த புரோகிராம்களின் அமைப்பு ஃபைல்கள் கணினி விழுந்து எழுந்ததும் 0 பைட்டாக நின்றன. பெயர் மாற்றம் டிஸ்குக்குப் போய்விட்டது, உள்ளடக்கம் போகவில்லை. பிறகு கெர்னலில் ஒரு சமாளிப்பு சேர்த்தார்கள் என்றாலும் அதை நம்பி எஃப்சிங்கை விடாதீர்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் ரீநேம். ஒன்று தவறினாலும் தற்காலிக ஃபைலை அழித்துவிட்டு வெளியேறுங்கள், அசல் பத்திரமாக இருக்கும். ரீநேமே டிஸ்கில் பதிந்தது என்று உறுதி வேண்டுமானால் அந்த டைரக்டரியையும் திறந்து ஒரு எஃப்சிங்க்.

போசிக்ஸில் ரீநேம் பழைய ஃபைலை ஒரே அடியில் மாற்றும்: படிப்பவர் கையில் பழையது முழுசாக அல்லது புதியது முழுசாக, நடுவில் ஒன்றும் இல்லை. விண்டோஸின் சி நூலக ரீநேம், அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். பழையதை அழித்துவிட்டுப் பெயர் மாற்றுவது நடுவில் ஓட்டை விடும். மூவ்ஃபைல்எக்ஸ் ஃபங்ஷனை, இருப்பதை மாற்று என்ற கொடியோடு கூப்பிடுங்கள்.

இந்த வழிக்கும் விலை உண்டு. புதிய ஃபைல் என்றால் புதிய ஐநோடு (பெயருக்குப் பின்னால் ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் ஃபைல் பதிவு). அசலுக்கு ஹார்டு லிங்க் (அதே ஐநோடுக்கு இன்னொரு பெயர்) இருந்தால் அந்தப் பெயர் பழைய உள்ளடக்கத்தையே காட்டும். சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் குறுக்குவழி) மேல் ரீநேம் செய்தால் சிம்லிங்க் போய் அங்கே சாதாரண ஃபைல் நிற்கும், உண்மையான ஃபைல் தொடப்படாமல் கிடக்கும்; முன்கூட்டியே ரியல்பாத் கொண்டு அசல் பாதையை எடுத்துவிடுங்கள். டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டியாக, கன்டெய்னராக, ஓட்டும் கருவி) வெளியிலிருந்து ஒற்றை ஃபைலை மட்டும் மவுண்ட் செய்திருந்தால் கன்டெய்னருக்குள் அதன் மேல் ரீநேம் ஈபிஸி (EBUSY) பிழை தரும். அங்கே அசலின் மேலேயே எழுதுவதைத் தவிர வழியில்லை, காப்பு ஒன்று எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். பூட்டு விஷயமும் அப்படித்தான். திருத்தும் ஃபைலையே எஃப்லாக் கொண்டு பூட்டினால், காத்திருந்த இன்னொரு புரோகிராமுக்குக் கடைசியில் கிடைப்பது பெயர் இழந்த பழைய ஐநோடின் பூட்டு. அது சந்தோஷமாகப் பழைய உள்ளடக்கத்தைப் படித்து, திருத்தி, உங்கள் திருத்தத்தின் மேல் ரீநேம் செய்துவிடும். பூட்டுக்கென்று மாறாத தனி ஃபைல் ஒன்றை அதே டைரக்டரியில் வைத்து, அசலைப் படிக்கத் திறப்பதற்கு முன் அதைப் பூட்டி, ரீநேம் முடிந்த பிறகு விடுங்கள்.